தபாலில் தாங்கும் வாழ்த்து அட்டை



தீபாவளி வருகிறது. கிறிஸ்துமஸ் வருகிறது. ரம்ஜான் வருகிறது. எல்லாவற்றுக்கும் இப்போது வாழ்த்து கைபேசியில் வந்துவிடுகிறது. ஒரே படம் பத்துப் பேரிடமிருந்து வருகிறது. பார்த்த உடனே விரல் அதைத் தள்ளிவிடுகிறது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கையில் ஒரு உறை கொடுக்கிறார் என்றால் அது வேறு. அதை யாரும் தூக்கிப் போடுவதில்லை. சுவரில் செருகி வைப்பார்கள். பெட்டிக்குள் புடவைக்கு அடியில் பத்திரப்படுத்துவார்கள்.

கையால் செய்யும் வாழ்த்து அட்டையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அட்டையைவிட அதன் உறையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். ஏன்? அட்டை செய்யும் பலர் அட்டையில் பூ ஒட்டுகிறார்கள், வண்ணம் தீட்டுகிறார்கள். கடைசியில் கையில் கிடைத்த மெல்லிய தாளை மடித்து உறை என்று ஒட்டிவிடுகிறார்கள். வழியில் கிழிவது அந்த உறைதான்.

ஒரு மகளிர் குழு கடைக்கு 100 அட்டை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் தபாலில் போடுகிறார். போய்ச் சேரும்போது உறை பிரிந்து, அட்டை பாதி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது. வாங்கியவர் அடுத்த வருடம் அந்த அட்டையைத் தொடமாட்டார். கடைக்காரரும் ஆலையில் அச்சடித்த அட்டைக்கே போய்விடுவார். காரணம் என்ன என்று யாரும் குழுவிடம் வந்து சொல்லப்போவதில்லை. ஆர்டர் மட்டும் வராது.

தபால் போகும் வழியைக் கொஞ்சம் பாருங்கள். முதலில் பெட்டிக்குள் விழுகிறது. பிறகு தபால் நிலையத்தில் தபால்தலை மேல் முத்திரை குத்துகிறார்கள். அது மெதுவாகத் தட்டுவது அல்ல, ஓங்கிக் குத்துவது. அடுத்து ஊர் வாரியாகப் பிரித்து, கட்டாக அடுக்கி, கயிறு போட்டு இறுக்குகிறார்கள். கட்டுகள் பைக்குள் போகின்றன. பை வண்டியில் ஏறுகிறது, இறங்குகிறது. மேலே இன்னொரு பை விழுகிறது. கடைசியில் தபால்காரரின் பைக்குள் போய், வெயிலிலும் மழையிலும் தெருத் தெருவாகச் சுற்றுகிறது. இத்தனையும் தாங்க வேண்டும் அந்த உறை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இனி தாளுக்கு வருவோம். ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சாங்கானேர் என்று ஓர் ஊர். அங்கே காக்ஜி என்ற மக்கள் பல தலைமுறையாகக் கையால் தாள் செய்கிறார்கள். காகஜ் என்றால் தாள். தொழிலே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. மரம் வெட்டிச் செய்யும் தாள் அல்ல இது. தையல் கடையிலும் பனியன் கம்பெனியிலும் மிஞ்சுகிற பருத்தித் துணியைக் கூழாக்கி, தண்ணீரில் கலக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளுகிறார்கள். சட்டத்தில் படிவதுதான் தாள். அதை அழுத்திப் பிழிந்து உலர்த்துகிறார்கள். துணி நார் நீளமானது. அதனால் இந்தத் தாள் மடித்தாலும் சீக்கிரம் உடையாது.

ஆலைத் தாள் வந்ததும் கைத்தாள் தொழில் நலிந்தது. 1934-இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கினார். வார்தாவில் அதை நடத்திய செயலாளர் ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். அந்தச் சங்கம் கைத்தாள் தொழிலுக்கும் மீண்டும் உயிர் கொடுக்கப் பாடுபட்டது. இன்று சாங்கானேரில் இருக்கும் தேசியக் கைத்தாள் நிறுவனத்துக்குக் குமரப்பாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர் பெயர் ராஜஸ்தானில் ஒரு பலகையில் இருப்பது நமக்குப் பெருமைதானே.

கைத்தாள் சாதாரணமாக 56 செ.மீ. அகலம், 76 செ.மீ. நீளத்தில் கிடைக்கும். ஒரு அட்டைக்கு 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வேண்டும். அதைப் பாதியாக மடித்தால் 10-க்கு 15 அளவில் அட்டை வரும். ஒரு பெரிய தாளில் எத்தனை அட்டை?

அகலத்தில் 20, 20 என்று இரண்டு பட்டை எடுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் 15 செ.மீ. உயரத்தில் 5 துண்டு வரும். மொத்தம் 10. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 16 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை மிச்சம் இருக்கிறதே! அதைத் திருப்பிப் போடுங்கள். அகலம் 15, உயரம் 20 என்று வெட்டினால் இன்னும் 3 துண்டு வரும். ஆக 13. ஒரு தாளுக்கு 3 அட்டை கூடுதல். பத்துத் தாளுக்கு 30 அட்டை. கூட்டல், பெருக்கல் படித்தது இதற்கும்தான்.

வெட்டும் முன் தாளை அளந்து பாருங்கள். கையால் செய்வதால் அளவு ஓரளவு முன்பின் இருக்கும். தாளின் ஓரத்தில் பிசிறு இருக்கும். அது அட்டையின் ஒரு பக்கத்தில் வந்தால் அழகுதான். வெட்டிவிட வேண்டாம்.

மடிக்கும்போது வெறும் விரலால் மடிக்கக் கூடாது. மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவை எடுங்கள். ஸ்கேலை வைத்து, மடிக்க வேண்டிய இடத்தில் அழுத்தி ஒரு கோடு போடுங்கள். தாளில் ஒரு பள்ளம் விழும். அதன் வழியே மடித்தால் மடிப்பு நேராக நிற்கும்.

அட்டையின் மேல் என்ன போடுவது? அது அவரவர் விருப்பம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தொட்டு அழுத்தினால் பூ போல் பதியும். சாங்கானேர் துணியில் மரக்கட்டையால் பூ அச்சிடுவதற்குப் பேர்போன ஊர். அந்த மரக்கட்டை கிடைத்தால் தாளிலும் அச்சிடலாம். இலையும் பூவும் ஒட்டுவதாக இருந்தால், பழைய புத்தகத்துக்குள் வைத்து இரண்டு வாரம் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் உறைக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துவிடும். மணி, கண்ணாடித் துண்டு, சிப்பி இவையெல்லாம் நேரில் கையில் கொடுக்கும் அட்டைக்குச் சரி. தபாலில் போகிற அட்டைக்கு ஆகாது. முத்திரை குத்தும்போது மணி நொறுங்கும், உறையும் பொத்துக்கொள்ளும். ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம். துருப்பிடிக்கும், தபால்காரர் கையையும் கிழிக்கும்.

இப்போது உறை. கைத்தாளில் பூவிதழும் வைக்கோலும் சேர்த்துச் செய்வதும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் இதழ் இருக்கும் இடத்தில் தாள் பலவீனம். உறைக்கு அது கூடாது. பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடுகிறோமே, அந்தப் பழுப்புத் தாளில் தடிமனானதை வாங்குங்கள். விலையும் குறைவு, வலுவும் அதிகம்.

உறையின் அளவு 16-க்கு 11 செ.மீ. இருக்கட்டும். அட்டையைச் சுற்றி நாலு பக்கமும் அரை செ.மீ. இடம் இருக்கும். அதற்கும் குறைந்தால் அட்டை முட்டி உறை வெடிக்கும். அதிகமானால் அட்டை உள்ளே ஆடும். ஆடி ஆடி அதன் கூர்மூலை உறையைக் குடையும். புதிதாகச் செய்பவர்கள் தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய உறை செய்துவிடுகிறார்கள். இறுக்கமான உறையைவிட அதுதான் அதிகம் கிழிகிறது.

தாளில் முதலில் 16 அகலம், 11 உயரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். இது உறையின் முன்பக்கம். அதற்குக் கீழே 9½ செ.மீ. உயரத்தில் இன்னொரு கட்டம். இது மேலே மடிந்து பின்பக்கம் ஆகும். முன்பக்கத்துக்கு மேலே 4½ செ.மீ. உயரத்தில் மூடி. முன்பக்கத்தின் இடத்திலும் வலத்திலும் 2 செ.மீ. அகலத்தில் ஒவ்வொரு காது. மொத்தம் 20 அகலம், 25 உயரம். காதுகளை உள்ளே மடித்து, அவற்றின் மேல் பசை தடவி, பின்பக்கத்தை மேலே கொண்டுவந்து ஒட்ட வேண்டும். மூடும்போது மூடி பின்பக்கத்தின் மேல் 3 செ.மீ. படியும். அந்த 3 செ.மீ. தான் உறையின் பூட்டு.

காதும் கட்டமும் சேரும் மூலையில் கத்தரி கூராக உள்ளே போகக் கூடாது. கூரான வெட்டில்தான் கிழிசல் தொடங்கும். அந்த மூலையைச் சற்று வளைத்து வெட்டுங்கள். ஒரு உறை சரியாக வந்ததும் அதே அளவில் பழைய புடவைப் பெட்டி அட்டையில் ஒரு மாதிரி வெட்டி வைத்துக்கொண்டால், பிறகு ஸ்கேலே வேண்டாம்.

உறையும் அட்டையும் ஜோடியாகத் தெரிய வேண்டுமே? அட்டையில் போட்ட அதே பூவை மூடியின் மேல் ஒன்று அச்சிடுங்கள். போதும். முன்பக்கம் முழுவதையும் முகவரிக்கு விட்டுவிடுங்கள்.

பசை பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சினால் நல்ல பசை. பூச்சி அரிக்காமல் இருக்கப் புத்தகம் பைண்டு செய்பவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். மயில்துத்தம் விஷம். உறையின் மூடியைப் பலர் நாக்கால் நனைத்து ஒட்டுவார்கள். குழந்தைகளும் நக்குவார்கள். அதனால் மூடிக்கு அந்தப் பசை கூடவே கூடாது. மற்ற இடத்துக்குப் பயன்படுத்தினாலும் சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சேர்க்காமலே விட்டால் இன்னும் நல்லது. மூடிக்கு வேலம்பிசினை ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, மெல்லியதாகத் தடவிக் காயவிடலாம். மழைக்காலத்தில் அது தானாகவே ஒட்டிக்கொள்ளும். அப்போது மூடியை வெறுமனே விட்டுவிட்டு, அனுப்பும்போது ஒட்டச் சொல்லுங்கள்.

ஒட்டிய உறைக்குள் ஒரு பாலிதீன் துண்டைச் செருகுங்கள். இல்லாவிட்டால் உள்பக்கமும் ஒட்டிவிடும். பிறகு மேலே கனமாக ஏதாவது வைத்து ஒரு ராத்திரி விடுங்கள்.

எடையும் பார்க்க வேண்டும். கடையில் தாளை 100 ஜி.எஸ்.எம்., 240 ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் அத்தனை கிராம் எடை என்று பொருள். 240 தாளில் செய்த நம் அட்டை 7 கிராம் சொச்சம். 100 தாளில் செய்த உறை 4 கிராம் சொச்சம். இரண்டும் சேர்ந்து சுமார் 12 கிராம். சாதாரணக் கடிதத்துக்குக் கட்டணம் 20 கிராம் கணக்கில் ஏறும். அதற்குள் அடங்கிவிட்டது. இன்னும் கனமாகச் செய்தால் தபால் நிலையத்தில் எடை போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். தபால்தலை குறைந்தால், வாழ்த்து பெறுகிறவர் தண்டம் கட்ட நேரும்!

முகவரியை எழுதப் பால்பாயிண்ட் பேனாதான் நல்லது. ஊற்றுப்பேனா மையும் ஜெல் பேனா மையும் மழையில் கரையும். எழுதி முடித்ததும் முகவரியின் மேல் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துவிட்டால் தண்ணீர் பட்டாலும் வழுக்கிப் போகும். தபால்தலை ஒட்டும் வலது மேல்மூலையில் மெழுகு படக் கூடாது.

பீகாரில் கயைக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு தாய் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் குஜராத்தில் சூரத் நகரில் விசைத்தறியில் வேலை பார்க்கிறான். இதுவரை பக்கத்து வீட்டுப் பையன்தான் அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தான். இந்தத் தீபாவளிக்கு அவரே எழுதுகிறார். பெயர் எழுதியாயிற்று. தெரு எழுதியாயிற்று. கடைசியில் 6 இலக்கப் பின்கோடு. இந்த எண் 1972 ஆகஸ்ட் 15 முதல் நம் நாட்டில் இருக்கிறது. முதல் இலக்கம் நாட்டின் எந்தப் பகுதி என்று காட்டும். குஜராத்துக்கு 3. பீகாருக்கு 8. அந்தத் தாய் 3-இன் வளைவைக் கொஞ்சம் சேர்த்து எழுதிவிட்டால் 8 ஆகிவிடும். பிரிப்பவர் எண்ணைப் பார்த்துத்தான் பிரிப்பார். சூரத்துக்குப் போக வேண்டிய வாழ்த்து பீகாரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மகன் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அதனால் எண்களை அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, தள்ளித் தள்ளி எழுத வேண்டும். அனுப்புகிறவர் முகவரியையும் பின்பக்கம் எழுத வேண்டும். சேராத கடிதம் திரும்பி வருவதற்கு அது உதவும்.

100 செய்வதற்கு முன் ஒன்றே ஒன்று செய்து, உங்கள் சொந்த முகவரிக்கே தபாலில் போடுங்கள். பக்கத்து ஊர்ப் பெட்டியில் போட்டால் இன்னும் நல்லது. திரும்பி வந்ததும் கையில் வைத்து நன்றாகப் பாருங்கள். எந்த மூலை தேய்ந்திருக்கிறது? கயிறு அழுத்திய தடம் எங்கே? மூடியின் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறதா? மூலை தேய்ந்திருந்தால் இன்னும் தடிமனான தாளில் செய்யுங்கள். மூடி தூக்கினால் பசையை ஓரம் வரை தடவுங்கள். மாற்றிச் செய்ததை மறுபடி ஒரு முறை அனுப்பிப் பாருங்கள்.