தீவகத்துப் படப்பிடிப்பும் தரவுக் காவலும்

பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைத் தீவில் காலடி வைத்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சாயல் மெல்ல மாறிவிடுகின்றது. இருமருங்கும் ஆழமில்லாத பரவைக் கடல். அதனிடையே களங்கண்டி வலைகள். அப்பால் வானைத் தொடும் பனங்கூடல்கள். ஊர்காவற்றுறையிலே கடல் நடுவில் நிற்கும் கோட்டை. நயினாதீவிலே நாகபூசணி அம்மன் கோபுரமும் நாகவிகாரையும். நெடுந்தீவிலே பவளக்கல் வேலிகள், பெருக்குமரம், கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகள். படம் பிடிப்போரின் கண்ணுக்கு இவையெல்லாம் விருந்தென்பதில் ஐயமில்லை. அண்மைக் காலத்தில் டிஜிட்டல் கமராக்களோடு இத் தீவுகளை நாடி வருவோரும், இத் தீவுகளிலேயே பிறந்து குறும்படமும் ஆவணப்படமும் எடுக்க முனையும் இளைஞரும் பெருகி வருகின்றனர்.

படம் எடுக்கும் கலையைப் பற்றிப் பேசுவோர் பலர். எடுத்த படத்தை அன்றைய பொழுது சாய்வதற்குள் காப்பாற்றி வைக்கும் கலையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. உயர்ந்த கமராவும் தேர்ந்த ஒளிப்பதிவாளரும் வாய்த்திருந்தும், இந்த இரண்டாவது கலை இல்லாவிடின் முதலாவதன் பயன் ஒரு நொடியில் இல்லாமற் போய்விடும்.

முற்காலத்து முறையை நினைத்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். இலங்கையின் முதல் தமிழ்த் திரைப்படமான 'சமுதாயம்' 1962 ஆம் ஆண்டில் 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. அக்காலத்தில் கமராவில் ஓடி முடிந்த சுருளை இருட்டிலே கழற்றி, தகரப் பெட்டியில் இட்டு, ஒளி புகாதபடி ஒட்டி, பெயரெழுதி, இரசாயனக் கூடத்துக்கு அனுப்புவர். அங்கே கழுவப்பட்ட சுருள் மூலப்பிரதியாகிவிடும். ஒரு சுருளில் ஒரு முறைதான் பதியலாம். ஒருவர் தவறுதலாக அதனை அழித்து மீண்டும் பயன்படுத்திவிடுவாரோ என்ற அச்சத்துக்கு அங்கே இடமில்லை.

டிஜிட்டல் முறை வந்ததும் நிலை தலைகீழாயிற்று. தமிழில் 2005 ஆம் ஆண்டிலேயே 'மும்பை எக்ஸ்பிரஸ்' என்னும் படம் டிஜிட்டல் கமராவால் எடுக்கப்பட்டது. 2007 இல் 'ரெட் ஒன்' கமராவும், 2010 இல் ஜேர்மனியின் ஆரி நிறுவனத்து 'அலெக்ஸா' கமராவும் வெளிவந்தன. அவற்றின் பின் உலகெங்கும் படச்சுருளின் ஆட்சி தளர்ந்தது. இக் கமராக்களில் படம் பதிவது ஒரு சிறிய நினைவட்டையில். அவ்வட்டை விலை மிகுந்தது. ஆதலின் காலையில் நிறைந்த அட்டையை வேறிடத்துக்குப் பெயர்த்துவிட்டு, அழித்து, மாலையில் மீண்டும் கமராவில் இடுகின்றனர். மூலப்பிரதியைத் தன் கையாலேயே அழிப்பது நாள்தோறும் செய்யும் வேலையாகிவிட்டது. பெயர்த்த பிரதி செம்மையாக இல்லாதபோது அழித்தால், அந்தக் காட்சி உலகில் எங்குமே இல்லை.

இது சிறு குழுக்களுக்கு மட்டும் உரிய ஆபத்தென எண்ணவேண்டாம். 1969 ஆம் ஆண்டு யூலையில் மனிதன் சந்திரனில் இறங்கியபோது பதிவான மூல ஒளிநாடாக்களைப் பின்னர் தேடிய அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, அவை பெரும்பாலும் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டில் அறிவித்தது. தொலைக்காட்சிக்காக மாற்றியனுப்பிய பிரதிகள் எஞ்சியமையால் உலகம் அக்காட்சியை இன்றும் காண்கின்றது. மூலத்தின் தெளிவோ போனது போனதுதான். ஒலிநாடாவை அழித்து மறுபடியும் பதியும் வழக்கம் வானொலி உலகுக்கும் புதிதன்று. அவ்வழக்கத்தினால் மறைந்த குரல்களுக்கு அளவில்லை.

இனி, காக்கவேண்டிய சுமை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போர் வியப்படைவர். 4,096 புள்ளி அகலமும் 2,160 புள்ளி உயரமும் கொண்ட ஒரு படச் சட்டகத்தில் 88 இலட்சத்து 47 ஆயிரத்து 360 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியையும் 12 பிட் அளவில் சுருக்காமற் பதிந்தால் ஒரு சட்டகம் ஏறத்தாழ 1 கோடியே 33 இலட்சம் பைட் ஆகும். செக்கனுக்கு 24 சட்டகம் ஓடும்போது ஒரு செக்கனில் சேர்வது ஏறத்தாழ 318 மெகாபைட். ஒரு மணி நேரப் பதிவு 1.15 டெராபைட் அளவைத் தொடும். செக்கனுக்கு 120 மெகாபைட் வீதம் எழுதும் ஒரு சாதாரண வன்தட்டில் அதனைப் பெயர்க்க 2 மணி 39 நிமிடம் பிடிக்கும். பெயர்த்ததைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க மேலும் அவ்வளவு நேரம் வேண்டும். ஒரு மணி நேரக் காட்சிக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட காவல்! இதைக் கணக்கில் எடுக்காது, கடைசிப் படகு புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது தரவைப் பெயர்க்கத் தொடங்கும் குழுவின் நிலை என்னவாகும்?

ஆதலினாலேயே பெரிய படப்பிடிப்புகளில் இதற்கெனத் தனியொருவரை அமர்த்துகின்றனர். அவரைத் தரவுக் காவலர் என்று சொல்லலாம். நடிகருக்கு வசனம் போல அவருக்கு ஒழுங்கு முக்கியம். ஒவ்வோர் அட்டைக்கும் எண் உண்டு. நிறைந்த அட்டையின் மீது ஒரு சிவப்பு நாடா ஒட்டப்படும். கமரா உதவியாளர் அதைக் கைக்குக் கை ஒப்படைப்பார். மேசையிலோ சட்டைப் பையிலோ விட்டுச் செல்வதில்லை. காவலர் அதனை ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று தட்டுகளுக்குப் பெயர்ப்பார். எத்தனை துண்டுகள் எடுக்கப்பட்டன என்ற கமராக் குறிப்போடும் ஒலிப்பதிவாளர் குறிப்போடும் எண்ணிக்கையை ஒப்பிடுவார். சில காட்சிகளைத் திறந்து தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றிடத்தும் பார்ப்பார். இவையனைத்தும் முடிந்து, இந்த அட்டையை இனி அழிக்கலாம் என்று அவர் வாய்திறந்து சொல்லும்வரை, இயக்குநரே கேட்டாலும் அதனை அழிக்கலாகாது.

இதிலே மிக நுட்பமான பகுதி சரிபார்த்தல். கணினித் திரையில் கோப்பின் பெயர் தோன்றுவதனால் மட்டும் பிரதி செம்மையாகிவிட்டது என்று கொள்ள முடியாது. கம்பி அசைந்தாலும், மின்சாரம் தடுமாறினாலும், உள்ளே ஓரிரு எழுத்துக்கள் பிறழலாம். இதனைக் கண்டறியச் சரிபார்ப்பு எண் என்னும் உபாயம் உள்ளது. எம்.டி.5 என்ற கணிதமுறை எவ்வளவு பெரிய கோப்பையும் 32 குறிகள் கொண்ட ஒரு சிறு தொடராகச் சுருக்கித் தரும். மூலத்தில் ஒரேயொரு பிட் மாறினும் அத் தொடர் முற்றிலும் வேறாகிவிடும். அட்டையில் உள்ளதற்குக் கிடைத்த தொடரும், தட்டில் எழுதியதைத் திரும்பப் படித்தபோது கிடைத்த தொடரும் ஒன்றாயின் பிரதி செம்மையானது. எம்.டி.5 இலும் விரைவான முறைகள் இன்று வழக்கில் உள்ளன, தத்துவம் ஒன்றே.

தமிழ் மக்களுக்கு இத் தத்துவம் அந்நியமானதா? ஏட்டுச்சுவடி பெயர்த்தெழுதிய காலத்தில், ஒருவர் மூல ஏட்டைப் படிக்க மற்றவர் புதிய ஏட்டோடு ஒப்புநோக்குவர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, பல இடத்து ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்பிட்டே பாடத்தைத் துணிந்தார். ஏடு ஒரே வீட்டில் இருந்து செல்லரித்திருந்தால் நூல் மறைந்திருக்கும். பல வீடுகளில் பல பிரதிகள் இருந்தமையால் அது பிழைத்தது. பிரதிகள் பலவாதல் வேண்டும், ஒன்றோடொன்று ஒத்தல் வேண்டும், வெவ்வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்ற இம் மூன்று விதிகளும் பனையோலைக்கும் நினைவட்டைக்கும் பொதுவானவை.

தீவகத்தில் இவ் விதிகளைக் கைக்கொள்வதற்குத் தனி விழிப்பு வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நாட்டின் பொது மின்வலையோடு இணையாதவை. நீண்டகாலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தவை. சூரியனையும் காற்றையும் பயன்படுத்தும் கலப்பு மின்திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2024 ஆம் ஆண்டு மார்ச்சில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. எவ்வகை மின்சாரமாயினும், பிரதி எழுதிக்கொண்டிருக்கும்போது அது நின்றால் கோப்பு குறைப்பிரசவமாகும். ஆதலின் கணினிக்கும் தட்டுகளுக்கும் இடையறாது மின்னூட்டும் மின்கலப் பெட்டி கட்டாயம் வேண்டும். வாடையும் சோளகமும் கொண்டுவரும் உப்புக்காற்று, செம்பையும் உருக்கையும் அரிக்கும் குணமுடையது. நெடுந்தீவின் வெண்பவளத் தூசியோ கண்ணுக்குத் தெரியாத துளைகளிலும் புகும். எனவே கம்பி முனைகளை மூடியிட்டுக் காத்தல், உலர்த்தும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு பெட்டியை இறுக மூடுதல், வெயிலில் வைக்காதிருத்தல் என்பன இங்கே மிகையான கவனமாகா.

எல்லாவற்றிலும் முதன்மையானது கடல். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு சிறிது நேரப் பயணமே. நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் திறந்த கடலில் செல்லவேண்டும். கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது. இந்த வழியிலே பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. இரண்டு தட்டுகளில் இரண்டு பிரதிகளை எடுத்து, இரண்டையும் ஒரே பையில் இட்டு, ஒரே படகில் ஏறிவிடுகின்றனர். ஒரு பையில் இருக்கும் இரண்டு பிரதிகள் உண்மையில் ஒரு பிரதியே. ஓர் அலை அடித்தால் இரண்டும் நனையும். ஒரு கை மறந்தால் இரண்டும் தொலையும். ஒரு தட்டு தீவில் தங்கியிருப்பவரிடம் இருக்க, மற்றது முந்திய படகில் வேறொருவர் கையில் யாழ்ப்பாணம் சேர்ந்து, சேர்ந்த செய்தி வந்த பின்னரே தீவிலுள்ளது புறப்படவேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடம் என்று மேனாட்டார் வகுத்த விதியைத் தீவகத்தார் நடுவில் கடலை வைத்துப் படிக்கவேண்டும். இரண்டாவது வகைச் சாதனமாகப் பெரிய நிறுவனங்கள் எல்.டி.ஓ. என்னும் காந்த நாடாவைப் பயன்படுத்துகின்றன. 2021 இல் வந்த அதன் ஒன்பதாம் தலைமுறை நாடாவொன்று சுருக்காத நிலையில் 18 டெராபைட்டைத் தாங்கும்.

பிரதி இருக்கின்றது என்று நம்பியிருப்பதும் போதாது. 1998 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டோய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறான கட்டளை ஒன்றினால் படத்தின் கோப்புகள் அழியத் தொடங்கின. காப்புப் பிரதியை எடுத்துப் பார்த்தபோது அது குறைபட்டதென அறிந்தனர். குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணியாற்றிய ஒருவரின் கணினியில் இருந்த பிரதியே படத்தை மீட்டது. திறந்து பார்க்கப்படாத பிரதி வெறும் நம்பிக்கையே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வளவும் பணம் படைத்தோருக்கே இயலும் என்று தீவகத்து இளைஞர் மனம் தளரவேண்டியதில்லை. சுருக்காத பதிவைத் தவிர்த்து, 3,840 புள்ளி அகலமுள்ள படத்தைப் புரோரெஸ் 422 எச்.கியூ. முறையில் செக்கனுக்கு 24 சட்டகமாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 318 ஜிகாபைட் மட்டுமே ஆகும். சுமை நாலில் ஒரு பங்கினும் சிறிதே கூடும். காட்சியின் தரம் பெரும்பாலான தேவைக்குப் போதும். ஒரு நாளில் அழிக்கவே தேவையில்லாத அளவு அட்டைகளை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளலாம். சரிபார்ப்பு எண் கணிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன. விலை கொடுத்து வாங்கமுடியாதது ஒன்றே: களைத்த மாலைப்பொழுதிலும், படகுக்காரர் கூப்பிடும்போதும், விதியைத் தளர்த்தாத மனவுறுதி.

அம் மனவுறுதியை இப் பகுதி மக்களிடம் வேண்டுவதற்குக் காரணம் உண்டு. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்குமில்லாத சுவடிகளும் சாம்பலாயின. 1983 யூலையில் கெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானபோது அங்கிருந்த திரைப்பட மூலப்பிரதிகள் பல அழிந்தன. 1990 ஆம் ஆண்டில் தீவகத்து ஊர்கள் பலவற்றிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது குடும்பப் படங்களும் கடிதங்களும் பூட்டிய வீடுகளிலேயே நின்றுவிட்டன. தீயையும் போரையும் ஒரு தனிமனிதர் தடுத்திருக்க இயலாது. பிரதிகள் வேறிடத்தில் இருந்த நூல்கள் மட்டும் மீண்டன. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளும் அவ்வுண்மையை உணர்ந்தே எழுந்தவை.

இன்று நெடுந்தீவில் ஒரு மூதாட்டி தன் பேச்சுவழக்கில் பழைய பஞ்சகாலத்தைச் சொல்ல, ஓர் இளைஞன் அதைப் பதிகின்றான் என்று கொள்வோம். அடுத்த முறை படகேறி வரும்போது அவள் இல்லாமற் போகலாம். அவள் குரல் அப்பொழுது இருக்கும் இடம் விரல்நீள அட்டை ஒன்று மட்டுமே. அதை அழிக்கும் பொத்தானுக்கும் அவன் விரலுக்கும் இடையே, சரிபார்த்த இரண்டு பிரதிகள் இரண்டு கரைகளில் இருக்கவேண்டும். படம் பிடித்தவனின் கடமை, அப் பிரதிகள் கரை சேர்ந்த பின்னரே முடிவடைகின்றது.