கண்ணுக்குத் தெரியாத அழுக்கு
(பீன்யாவில் முதியோர் இல்லப் பணியாளர்களிடம் பேசியது)

 

பீன்யா பட்டறையில் வேலை செய்தால் கையில் கிரீஸ் தெரியும். உடனே கழுவுவோம். கிருமி தெரியாது. ஒரு பாட்டிக்குப் புண் துடைக்கிறோம். அடுத்த கட்டில் தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறோம். நடுவில் கை கழுவினோமா?

வியன்னா நகர மருத்துவமனையில் 1847-ல் நடந்ததைக் கேளுங்கள். ஏப்ரல் மாதம் அங்கே ஒரு பிரிவில் பிரசவத்துக்கு வந்த தாய்மாரில் 100-க்கு 18 பேர் இறந்தார்கள். பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்த்தார்கள். செம்மல்வைஸ் என்ற டாக்டர் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். ஜூனில் சாவு 100-க்கு 2 ஆனது. படித்தவர்கள் பலர் அப்போதும் நம்பவில்லை!

கையுறை போட்டால் போதுமா? ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டும். கழற்றிய பிறகும் சோப்புப் போட வேண்டும். விரல் இடுக்கு, நகம், கட்டைவிரல் எல்லாம் தேயுங்கள். ஈரக் கையை மட்டும் முந்தானையில் துடைக்காதீர்கள், அக்கா. அந்த முந்தானை எத்தனை கட்டிலைத் தொட்டதோ!