சந்தைச் சுதந்திரம் யாருக்கு?

(கள்ளக்குறிச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



சர்க்கார் விலகிக் கொண்டால் போதும், சந்தையே எல்லோரையும் வாழ வைத்துவிடும் என்று சொல்லுகிற பொருளாதாரப் பண்டிதர்கள் இன்று ஏராளமாயிருக்கிறார்கள். அவர்களை வையவோ கும்பிடவோ நான் வரவில்லை. அவர்கள் சொல்லுவதை நமக்குப் பக்கத்திலிருக்கும் கல்வராயன் மலையில் உரசிப் பார்க்கவே வந்திருக்கிறேன்.

இக்கொள்கைக்கு மூலபுருஷராகச் சொல்லப்படுகிறவர் ஸ்காத்லாந்து தேசத்து ஆடம் ஸ்மித். 1776-இல் வெளியிட்ட புத்தகத்தில் அவர் சொன்னதென்ன? ஒருவனுடைய உழைப்பு அவனுடைய சொத்து. அதை இஷ்டப்படி பயன்படுத்த விடாமல் தடுப்பது அக்கிரமம் என்றார். அடிமை வேலை மலிவாகத் தோன்றினாலும் முடிவில் கூலி வேலையைவிட அதிகச் செலவு பிடிக்கும் என்றார். தனக்கென்று ஏதும் சேர்க்க முடியாதவன் எதற்காக அக்கறையோடு பாடுபடுவான்? வியாபாரிகள் கூடினால் விலையேற்றச் சதி செய்வார்கள் என்று எச்சரித்தவரும் அவரே. இந்தப் பக்கங்களை மட்டும் நம் பண்டிதர்கள் புரட்டுவதில்லை!

இனி மலைக்கு வாருங்கள். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் கையில் அம்மலை இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் 1947-இல். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல். மலையில் ஜாகீர் ஆட்சி முடிந்ததோ 1976-இல்! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷந்தான். ஸ்மித் எழுதி 200 வருஷம் கழித்து! அதுவரை அங்கே ஒருவன் பிறவியினால் வாங்குகிறவன், மற்றவன் பிறவியினால் கொடுக்கிறவன். இதில் பேரம் எங்கே? போட்டி எங்கே?

ஜாகீர் போயிற்று. எல்லோருக்கும் பட்டா வந்ததா? 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் மனுவும் கையுமாக அலைகிறவர்கள் உண்டு. சந்தைக் கட்சியைச் சேர்ந்த பெரு நாட்டு அறிஞர் டி சோட்டோ, பத்திரமில்லாத சொத்து செத்த மூலதனம் என்று 2000-இல் எழுதினார். அதன் அர்த்தம் மலைவாசிக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும். பட்டா இல்லை, ஆகவே பாங்கில் கடன் இல்லை. கடன் இல்லை, ஆகவே வியாபாரியிடம் முன்பணம். முன்பணம் வாங்கினவனுடைய மரவள்ளிக்கு விலை சொல்லுகிறவன் யார்? தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். "விலை கட்டவில்லை, அப்புறம் விற்கிறேன்" என்று அவன் சொல்ல முடியுமா? சொல்ல முடியாதவனுக்குப் பெயர் விற்பனையாளனா?

"அப்படியானால் எல்லாவற்றையும் சர்க்காரே நடத்த வேண்டுமா?" என்று கேட்பீர்கள். ஜாகீரை 1976 வரை விட்டு வைத்ததும் சர்க்கார்தானே! அதைக் கடவுளாக்க நான் சொல்லவில்லை. நிலத்துக்குப் பட்டா, பாங்குக் கடன், ஊருக்குப் பாதை, நேர்மையான தராசு, பிள்ளைக்குப் படிப்பு, இவற்றை முதலில் கொடுங்கள். பிறகு அவன் தானே பேரம் பேசிக் கொள்வான்; யாருடைய தயவும் அவனுக்கு வேண்டியதில்லை.

வேண்டாமென்று சொல்லக்கூடிய நிலை இரண்டு பக்கத்துக்கும் இருந்தால்தான் அது வியாபாரம். ஒரு பக்கத்துக்கு மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் பழைய ஜாகீர்தான். தோழர்களே, யோசித்துப் பாருங்கள்!