திரும்பி வந்தோரிடம் யார் கேட்டது?

சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலிருந்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குச் சென்ற பெண்கள் பலர் வெறுங்கையோடு திரும்பியுள்ளனர். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்துக்கு மாற்றாக, 2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. எங்கே? இணையதளத்தில்!

சிக்கல் அதற்கும் முன்பே தொடங்குகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவில் வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். பெண்ணுக்கு 30 வயதும் நிறைந்திருக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே முகவர்கள் பார்வையாளர் விசாவில் அனுப்புகின்றனர். அனுமதி இல்லையேல் பதிவில்லை. பதிவில்லையேல் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் இல்லை. அரசின் கணக்கில் அந்தப் பெண் போகவே இல்லை. பிறகு திரும்பி வந்தது யார்?

கேரளம் 1996லேயே நோர்க்கா துறையை அமைத்தது. திரும்பியோர் தொழில் தொடங்கக் கடனுதவி உண்டு. 2018இல் உலக கேரள சபையும் கூடியது. (அங்கும் செல்வந்தர் குரலே ஓங்கியது என்ற விமர்சனத்தை மறைக்க வேண்டியதில்லை.)

கிளைத் தோழர்கள் ஊர்தோறும் சென்று, திரும்பியோரின் பட்டியலை எடுக்க வேண்டும். முகவருக்குக் கொடுத்த தொகை, வராத சம்பளம், பறிக்கப்பட்ட பாஸ்போர்ட் ஆகியவற்றைத் தெலுங்கிலோ தமிழிலோ அவரவர் சொன்னபடியே எழுதி, அப்பெண்களையே முன்னிறுத்தி இரு மாவட்ட ஆட்சியர்களிடமும் அளிக்க வேண்டும். ரசீது எங்கே என்று அதிகாரிகள் கேட்பர். எந்த முகவர் ரசீது கொடுத்தார்?