முற்றத்துக் கோழியும் நோய்க் காவலும்



பெரும் பண்ணை நடத்துவோருக்காக அன்று. வீட்டு வளவிலே பத்துப் பன்னிரண்டு கோழிகளை ஆசைக்காக வளர்ப்போருக்காகவே இன்று பேச எண்ணியுள்ளேன். நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. நோய்த்தடுப்பு என்பது ஆயிரக்கணக்கிற் கோழி வைத்திருப்போரின் கவலை, நமக்கு அது எதற்கு என்று நெடுங்காலம் இருந்தவன். அவ்வெண்ணம் மாறிய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், சந்தையொன்றிலே செம்பொன் நிறக் கழுத்தும் கரும்பச்சை வாலும் உடைய சேவல் ஒன்றைக் கண்டேன். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவந்து, அன்று மாலையே என் கோழிகளோடு ஒரே கூட்டில் அடைத்தேன். ஆறாம் நாட் காலையில் இரண்டு பேடுகள் இறகைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கி நின்றன. பச்சை நிறமாகக் கழிந்தன. மற்றொன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டது. பதினான்கு கோழிகளில் மூன்றே எஞ்சின. வியப்பு யாதெனில், அந்தச் சேவலுக்கு ஒன்றும் நேரவில்லை. விடியற்காலையில் வழக்கம்போலக் கூவிற்று!

அவ்வளவோடு முடிந்திருந்தால் நட்டம் என்னுடையது மாத்திரமே. வேலிக்கு அப்பால் வசித்த அம்மையார் ஒருவர் முட்டை விற்றே பிள்ளைகளின் கொப்பி, பென்சிற் செலவைப் பார்த்துவந்தார். அடுத்த வாரம் அவருடைய கோழிகளும் மடிந்தன. நோயைக் கொண்டுசென்றது காகமா, வேலியில் நுழைந்த கோழியா, ஆறுதல் சொல்லப் போன என் செருப்பா என்று நான் அறியேன். செருப்பென்றே என் மனம் சொல்கிறது.

மிருக வைத்தியர் அதனை இராணிக்கெற் நோய் என்றார். இந்தியாவின் வடக்கே மலைநாட்டிலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. இங்கிலாந்தில் 1926ஆம் ஆண்டு நியூகாசில் நகரின் அருகே கண்டறியப்பட்டமையால், மேனாட்டார் நியூகாசில் நோய் என்பர். கிருமி உடலிற் புகுந்தபின் இரண்டு நாள் முதல் பதினைந்து நாள் வரையிலே, பெரும்பாலும் ஐந்தாறு நாளில், நோய் வெளிப்படும். வந்தபின் தீர்க்கும் மருந்து கிடையாது. வீட்டில் எஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளைக் கரைத்துப் பருக்குவோர் பலர்; இந்தக் கிருமி வைரசு இனத்தது ஆகையால், அந்நுண்ணுயிர்க்கொல்லிகள் அதனை ஒன்றும் செய்யா. தடுப்பு மருந்து பெற்ற கோழியோ, தான் நோயுறாமலே எச்சத்தில் கிருமியைக் கழிக்கக்கூடும். என் சேவல் கூவிய மர்மம் இதுவாகவே இருக்கலாம்.

சிறு கூடுதானே என்று எண்ணவேண்டாம். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே இந்நோய் முதலிற் காணப்பட்டது வீட்டு வளவுக் கோழிகளிலேதான். அது பண்ணைகளுக்கும் பரவி, 2003இல் அடக்கப்படுவதற்குள் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன.

ஆகவே புதிதாய் வரும் கோழி, எவ்வளவு அழகியதாயினும், வீட்டின் மறுபுறத்தே தனிக் கூட்டில் மூன்று நான்கு வாரம் இருக்கட்டும். அதற்கெனத் தனிப் பாத்திரம் வையுங்கள். பழைய கோழிகளுக்கு முதலில் இரை வைத்து, புதியதற்குக் கடைசியில் வையுங்கள். முறை மாறினால் பிரித்துவைத்ததன் பயன் குறையும். பின்னர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கூட்டுக்கென்றே ஒரு சோடிச் செருப்பு இருக்கட்டும். அது படலையைத் தாண்டலாகாது. கிருமிநாசினியை எச்சத்தின்மேல் ஊற்றுவது வீண்செலவு. முதலிற் சுரண்டி, கழுவி, உலர்த்தியபின்பே அது வேலை செய்யும். கோழி வாங்க வரும் வியாபாரியின் கூடை பல வீடுகளைக் கண்டது. பேரத்தைப் படலைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்த கோழியை வெறுங்காணியில் எறிவது நம்மவரின் பழைய குற்றம். காகமும் நாயும் அதனை ஊரெங்கும் பங்கிட்டுவிடும். ஆழப் புதையுங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலே கழிவு நிலத்தடி நீரோடு எளிதிற் கலக்கும். கிணற்றுக்கு எட்டவே புதையுங்கள்.

தடுப்பு மருந்திலே ஒரு சங்கடம் உண்டு. ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போதும். நம்மிடமோ பத்துக் கோழிகள். அயலவர் நாலைந்து பேர் ஒரே நாளிற் கூடிப் பெறுவதே வழி. எனினும் கோழிகளை ஓரிடத்திற் சேர்க்காதீர்கள். மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டுசென்று அவரவர் வளவில் அவரவரே கொடுக்கட்டும். எம்மருந்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

கோழிகள் திடீரெனக் கூட்டமாய் இறப்பின் அவருக்கு உடனே அறிவியுங்கள். இராணிக்கெற் நோயையும் பறவைக் காய்ச்சலையும் கண்ணாற் பார்த்துப் பிரித்தறிய முடியாது. பின்னையது மனிதரையும் பற்றும்: 1997இல் ஹொங்கொங்கில் பதினெட்டுப் பேரைப் பற்றி, அறுவரைக் கொன்றது. ஆதலால் நோயுற்றதை அறுத்துக் கறியாக்கலாம் என்று கத்தியைத் தேடவேண்டாம். மன்னார் வங்காலை போன்ற நீர்நிலைகளின் அருகே வாழ்வோர், வலசைப் பறவைகள் வரும் மாதங்களிலே கோழியின் இரையையும் நீரையும் கூரையின்கீழ் வைப்பது நன்று.

அந்தச் சேவல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். விடயம் அறியாத ஒருவர் படலையில் நின்று, நான் கொடுத்ததற்கு மேலாக விலை பேசினார். கை சற்றுத் தயங்கியது உண்மை. வைத்தியரின் சொற்படி அதனையும் எஞ்சிய மூன்றையும் கொன்று புதைத்தேன். நான்கு மாதம் கூட்டை வெறுமையாகப் போட்டேன். பின்னர் வாங்கிய குஞ்சுகளில் ஆறு, தனியே இருந்த நாள் முடிந்து மருந்தும் பெற்றபின், வேலிக்கு அப்பாலுள்ள வீட்டுக்குப் போயின. அம்மையார் அவற்றை வாங்கிக்கொண்டு, என் செருப்பைப் படலையிலேயே கழற்றச் சொன்னார்.