கெர்னலிலிருந்து ஓர் உறுப்பைக் கழற்றுதல்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஒரு காரியத்தைத் தொடங்குவது திருவனந்தபுரத்தார் வழக்கம். அக்கோயிலுக்கு அருகே கிழக்கேகோட்டையில் பஸ்கள் வந்து நிற்கின்றன. பயணிகள் அனைவரும் இறங்கிய பின்னரே பஸ் பணிமனைக்குச் செல்லும். கம்ப்யூட்டரிலும் ஏறத்தாழ இத்தகைய நியதி ஒன்று உண்டு.

இந்நகரில்தான் 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றது. கேரளப் பள்ளிகளிலும் லினக்ஸ் வேரூன்றியது. அதன் நடுநாயகமான கெர்னல், வன்பொருளை இயக்கும் பல பகுதிகளை 'மாட்யூல்' என்னும் தனித்தனி உறுப்புகளாக வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றைப் பூட்டலாம், கழற்றலாம்.

உறங்கி விழித்த மடிக்கணினியில் கம்பியில்லா இணைப்பு செயலற்றுக் கிடக்கிறது என்று கொள்வோம். புதிய கருவி வாங்கச் சொல்வோரும் உளர்! அதற்குரிய மாட்யூலைக் கழற்றி மீண்டும் பூட்டினாலே பல சமயம் சரியாகிவிடும்.

முதலில் 'எல்எஸ்மாட்' என்று கட்டளையிட வேண்டும். மாட்யூலின் பெயர், அளவு, அதனைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை ஆகியவை வரிசையாகத் தோன்றும். இன்டெல் கருவிகள் பலவற்றில் 'ஐடபிள்யூஎல்வைஃபை' என்பதன்மீது 'ஐடபிள்யூஎல்எம்விஎம்' சார்ந்து நிற்கிறது. அடியிலுள்ளதை 'ஆர்எம்மாட்' கொண்டு முதலில் கழற்ற முயன்றால், அது பயன்பாட்டில் உள்ளதெனக் கெர்னல் மறுத்துவிடும். 'மாட்ப்ரோப்' கட்டளையுடன் சிறு கோடும் 'ஆர்' எழுத்தும் சேர்த்து, மேலுள்ளதன் பெயரைக் கொடுத்தால், அதனை அகற்றிவிட்டு, வேறெவருக்கும் தேவைப்படாத கீழுறுப்புகளையும் அகற்றும். இவற்றுக்கெல்லாம் நிர்வாகியின் உரிமை வேண்டும். பின்னர் 'மாட்ப்ரோப் ஐடபிள்யூஎல்வைஃபை' என்றால் இரண்டும் திரும்பும்.

இணைக்கப்பட்ட வட்டின் கோப்பு முறைமைக்குரிய மாட்யூலை, அவ்வட்டு பயன்பாட்டில் இருக்கும்வரை கழற்ற இயலாது. வலையமைப்பு மாட்யூலுக்கோ அத்தகைய காவல் பெரும்பாலும் இல்லை; இணைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அது கழன்றுவிடும். தொலைவிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை ஆள்பவர் இதைச் செய்தால், தாம் நுழைந்த வாயிலையே அடைத்துக்கொள்வார். பிறகு நேரில் போய்த்தான் திறக்க வேண்டும்.

மறுப்பை மீறி வலிந்து கழற்றவும் வழியுண்டு. அதற்கு இடமளிக்கும்படி கெர்னல் கட்டப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு செய்தால் கெர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்ளும். நினைவகம் சிதைந்து, எழுதிக்கொண்டிருந்த கோப்பும் போகலாம். இதனை நான் பரிந்துரைப்பதற்கில்லை.

கழற்றியது நிலைத்திராது. மறுமுறை தொடங்குகையில் மாட்யூல் தானே ஏறிக்கொள்ளும். அதனைத் தடுக்க விரும்புவோர், 'மாட்ப்ரோப்.டி' கோப்பகத்தில் 'பிளாக்லிஸ்ட்' என்ற சொல்லுடன் அதன் பெயரை எழுதி வைக்கலாம்.