முடிச்சா, முள்ளா?

(கால்நடை அறுவைக்குப் பெரிதும் துணை நிற்பது முடிச்சுப் போடும் நூலா, முள் வைத்த நூலா என்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘முடிச்சே’ என்ற அணியில் பேசிய கால்நடை மருத்துவரின் உரை)



எனக்கு முன் பேசிய நண்பர், முடிச்சின் காலம் முடிந்துவிட்டது என்று முழங்கினார். நடுவர் அவர்களே, அவருக்குத் திருமணமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. மூன்று முடிச்சு போட்டதால்தான் இன்றும் வீட்டில் நேரத்துக்குச் சோறு கிடைக்கிறது! அவருடைய துணைவியாரும் இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பார் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு என் வாதத்துக்கு வருகிறேன்.

முள் நூல் என்றால் என்ன? தூண்டிலின் நுனியில் எதிர்முள் இருக்குமே, அதுபோல நூலின் நீளமெங்கும் நுண்ணிய முட்கள். முன்னே போகும், பின்னே வராது. ஒரு வகையில் நூலின் கடைசியில் சிறு கண்ணி இருக்கும். முதல் தையலைப் போட்டு ஊசியை அதில் நுழைத்து இழுத்தால் தொடக்கத்தில் முடிச்சு தேவையில்லை. முடிவில் எதிர்த்திசையில் ஓரிரு தையல் போட்டு நறுக்கிவிடலாம். இந்த முள் நூலுக்கு அமெரிக்காவில் ஜான் அல்காமோ 1964-ல் காப்புரிமை பெற்றார். 2004-ல்தான் அங்கே மனிதர்களுக்குப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. பிறகு நாய்க்கும் குதிரைக்கும் வந்து சேர்ந்தது.

எதிரணியின் பலமான வாதத்தை நான் மறைக்கப்போவதில்லை. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். முறுக்கினால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். அதைத் தடுக்க இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு முன்கூட்டியே தைத்துவிடுகிறோம். இதைச் சிறு துளைகள் வழியாகச் செய்யும்போது, திரையைப் பார்த்துக்கொண்டு நீண்ட கருவிகளால் உள்ளே முடிச்சுப் போடுவது பெரும்பாடு. அங்கே முள் நூல் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. மயக்க மருந்தில் கிடக்கும் நாய்க்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அறுவை எல்லாம் அது ஒன்றுதானா? கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் செய்வது கருத்தடை அறுவை. பெட்டை நாயின் சூலகத்தை எடுக்குமுன் அதற்குப் போகும் இரத்தக்குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். குழாயைச் சுட்டு மூடும் மின்கருவி வைத்திருப்பவர்களும் உண்டு. அது இல்லாத இடத்தில் முடிச்சுதான் கதி. முள் நூல் சதையோடு சதையைச் சேர்த்துத் தைக்கும், இரத்தக்குழாயைக் கட்டாது. அது அந்த வேலைக்குச் செய்யப்பட்ட நூலே அல்ல.

முடிச்சு அவிழாதா என்று கேட்டார்கள். அவிழும், சரியாகப் போடாவிட்டால். இரண்டாவது சுற்றை முதல் சுற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போட்டால் இறுகி நிற்கும். ஒரே பக்கமாகப் போட்டால் வழுக்கும். பழியை நூலின்மேல் போடலாமா? பார்வையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுவைக்குப் பிறகு உங்கள் செல்லத்தின் ஈறு வெளுத்து, எழ முடியாமல் சோர்ந்து கிடந்தால் உள்ளே இரத்தம் கசியலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

முள்ளின் மறுபக்கத்தையும் பாருங்கள். பெரும்பாலும் நூலின் உடலைக் கீறித்தான் முள்ளை உண்டாக்குகிறார்கள். கீறிய இடத்தில் நூல் மெலிகிறது. ஆகவே அதே வலிமை வேண்டுமானால் பருமனான நூலில் தொடங்க வேண்டும். தையல் பிசகினால் பின்னுக்கு இழுக்க முடியாது; நறுக்கிவிட்டுப் புதிதாகத் தைக்க வேண்டும். கையுறையிலும் பஞ்சுத் துணியிலும் மாட்டிக்கொள்ளும். வயிற்றுக்குள் நுனி நீட்டிக்கொண்டிருந்தால் குடலில் கொக்கிபோல் மாட்டலாம். மனிதர்களுக்கு அப்படிக் குடல் அடைப்பு ஏற்பட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. விலையும் அதிகம். தெருவில் அடிபட்ட பூனையை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கி வரும் பள்ளி மாணவியிடம் அந்த விலையைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நிறைவாக ஒன்று. புதியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முள் நூலை மட்டுமே பழகிய இளம் மருத்துவர், அது கிடைக்காத சிற்றூரில், இரத்தம் பீறிடும் நேரத்தில் என்ன செய்வார்? முடிச்சுப் பழகிய கை முள் நூலையும் விரைவில் பழகிக்கொள்ளும். முடிச்சே அறியாத கைக்கு முள் நூல் துணை வராது. ஆகவே, கால்நடை அறுவைக்குப் பெரிதும் துணை நிற்பது முடிச்சே, முடிச்சே!